இரண்டு ஏரிகள், ஒரு வாக்கியம்

2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலீடோ நகர மக்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் அன்று தண்ணீரில் இருந்தது நஞ்சு. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றும், நஞ்சோ செறிந்துகொண்டே போகும். ஊருக்குக் குடிநீர் தரும் ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி மண்டி, அது வெளிவிட்ட மைக்ரோசிஸ்டின் என்ற வேதிப்பொருள் குடிநீரில் கலந்திருந்தது. ஏறக்குறைய 5 லட்சம் பேர் மூன்று நாள் பாட்டில் தண்ணீருக்கு அலைந்தார்கள். நம் பக்கத்தில் மூன்று நாள் தண்ணீர் வராதது ஒரு செய்தியே அல்ல. டொலீடோவில் அது அரசியலாயிற்று.

2019 பிப்ரவரியில் அந்த நகரத்தார் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, ஏரிக்கே உரிமை கொடுத்தார்கள். இருக்கவும், செழிக்கவும், இயற்கையாக வளர்ந்து மாறவும் ஏரிக்கு உரிமை உண்டு. அதை மீறுகிறவர் மேல் ஏரியின் சார்பில் எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம் என்று நகரச் சாசனத்தில் எழுதினார்கள். வாக்களித்தவர்களில் 61 சதவீதம் பேர் ஆதரவு. முடிவு வந்த மறுநாளே ஒரு பண்ணை நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. வயலுக்கு உரம் போடுவது குற்றமாகிவிடும், எவ்வளவு போட்டால் குற்றம் என்று சட்டத்தில் சொல்லவும் இல்லை என்பது அவர்கள் வாதம். சரியாக ஓராண்டில், 2020 பிப்ரவரியில், கூட்டாட்சி நீதிபதி ஜாக் ஸூஹாரி அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். மக்களின் நோக்கத்தை அவர் குறை சொல்லவில்லை. எது மீறல் என்று தெரியாத அளவுக்குச் சட்டம் மங்கலாக இருக்கிறது, அப்படி ஒரு சட்டத்தை வைத்து ஒருவரைத் தண்டிப்பது அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம் தரும் 'முறையான சட்ட நடைமுறை' என்ற பாதுகாப்புக்கு விரோதம் என்றார்.

இந்த 'முறையான சட்ட நடைமுறை' என்ற சொற்றொடரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஓர் ஏரியின் உரிமையைச் சாய்த்த அதே சொற்றொடரை நம்மவர்கள் 1948இல் வேண்டுமென்றே வேண்டாம் என்று தள்ளினார்கள். தள்ளியவர்களில் முக்கியமானவர் ஒரு சென்னை வக்கீல். அதைத் தள்ளிய நாட்டில்தான் பிற்பாடு ஓர் ஏரியின் சுத்தம் மனிதரின் அடிப்படை உரிமைக்குள் வந்து சேர்ந்தது. எப்படி என்று சொல்ல ஒரு சின்ன ஏரி வேண்டும்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினால் செம்பாக்கம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதில் கரைந்த ஐந்து நகராட்சிகளில் இதுவும் ஒன்று. ஏரி சுமார் 100 ஏக்கர். ஈரி ஏரியோ தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் செம்பாக்கம் ஏரி தனியாள் இல்லை. மேலே சிட்லபாக்கத்து உபரி நீர் இதற்கு வரும். இது நிறைந்து கலங்கல் வழிந்தால் நன்மங்கலம், அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும். ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு சொட்டும் வீணாகாமல் தண்ணீரை நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. அதற்குத் தண்ணீர் தரும் ஏரிகளைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை.

ஆயக்கட்டு நிலமெல்லாம் மனையான பிறகு செம்பாக்கம் ஏரிக்கு மழைநீரைவிட ஒழுங்காக, வருஷம் முழுக்க, வந்தது கழிவுநீர். பாதாளச் சாக்கடை வராத தெருக்களின் சாக்கடைக்குப் பள்ளம்தான் வழி, பள்ளத்தில் இருப்பது ஏரி. ஈரி ஏரியில் பாசியை வளர்த்தது வயலிலிருந்து வந்த பாஸ்பரஸ். செம்பாக்கத்தில் ஆகாயத்தாமரையை வளர்த்ததும் பாஸ்பரஸ்தான், அது வீட்டுக் குளியலறையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் வந்தது. 1973இல் கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள், ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாக பாஸ்பரஸ். சில வாரங்களில் அந்தப் பாதி முழுக்கப் பச்சையாயிற்று, மறு பாதி தெளிவாகவே கிடந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு எந்தக் கட்டுரையையும்விட வலு சேர்த்தது. ஆகாயத்தாமரைக்கும் இதே கணக்குதான். சத்தும் வெயிலும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். மேலே அது போர்த்திக்கொள்ள, கீழே வெளிச்சம் போய், உயிர்வாயு போய், மீன் செத்து, தண்ணீர் நாறும்.

அண்மை ஆண்டுகளில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், ஐஐடி மெட்ராஸ் மூன்றும் சேர்ந்து இந்த ஏரியைச் சீரமைக்க இறங்கின. முதலாவது, அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய அமைப்பு. ஓர் அமெரிக்க அமைப்பு செம்பாக்கத்தில் தூர்வார வந்திருக்கிறது. அமெரிக்காவில் ஏரிக்காகக் கோர்ட்டில் நின்ற நகரத்துக்கோ தோல்வி. இந்தப் பக்கம் கேள்வி வேறு. செம்பாக்கத்துக்காரர்கள் எந்த வாக்கெடுப்பும் நடத்தவில்லை, எந்தச் சாசனத்தையும் திருத்தவில்லை. ஆனால் அந்த ஏரி நாறக்கூடாது என்று கேட்பது அவர்களுடைய அடிப்படை உரிமை என்று இந்தியாவின் எந்த உயர் நீதிமன்றமும் இன்று தயங்காமல் சொல்லும். காரணம் நம் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு. ஆங்கில மூலத்தில் மொத்தம் 18 சொற்கள். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது, அவ்வளவுதான் அதில் உள்ளது. தண்ணீர், காற்று, ஏரி எதுவும் இல்லை. 1950 ஜனவரி 26 முதல் இன்றுவரை அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மற்ற பிரிவுகளை நூறு முறைக்கு மேல் திருத்திய நாட்டில் இது விநோதம்.

அந்த வாக்கியத்தின் பிறப்பைப் பார்ப்போம். வரைவின் தொடக்கத்தில் அமெரிக்க பாணியிலேயே 'முறையான சட்ட நடைமுறை' என்றுதான் எழுதியிருந்தார்கள். 1947 கடைசியில் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அங்கத்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தச் சொற்றொடர் வேண்டாம் என்றார் ஃபிராங்க்ஃபர்ட்டர். மக்கள் தேர்ந்தெடுத்த சபை போடும் சட்டத்தை நீதிபதிகள் தங்கள் மனப்படி வெட்டித்தள்ள அது இடம் கொடுத்துவிடும், அது ஜனநாயகத்துக்கும் நல்லதல்ல, நீதிபதிகளுக்கும் தாங்க முடியாத சுமை என்பது அவர் கருத்து. அனுபவத்தில் சொன்னது. அடுமனைத் தொழிலாளிகளை வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தை 1905இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே சொற்றொடரைக் காட்டித்தான் ரத்து செய்திருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையான அடிமைகளுக்காக 1868இல் எழுதிய பாதுகாப்பு, கடைசியில் முதலாளியின் ஒப்பந்தச் சுதந்திரத்துக்குக் காவல் நின்றது.

வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயருக்கு இந்த வாதம் பிடித்துப்போயிற்று. சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், சட்டத்தை விரல் நுனியில் வைத்திருந்தவர். நிலச் சீர்திருத்தம் செய்ய வேண்டிய புது நாட்டில் ஐந்து நீதிபதிகள் குறுக்கே நிற்பதை அவர் விரும்பவில்லை. அமெரிக்கச் சொற்றொடர் போயிற்று, அதன் இடத்தில் ஜப்பானின் 1946 அரசியலமைப்பிலிருந்து 'சட்டம் வகுத்த நடைமுறை' வந்தது. அமெரிக்கர்கள் முன்னின்று எழுதிக்கொடுத்த ஜப்பான் சாசனத்திலிருந்து எடுத்த சொற்களால், ஓர் அமெரிக்க நீதிபதியின் சொல் கேட்டு, அமெரிக்கச் சொற்களை நீக்கினோம்!

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நான்கே மாதத்தில் விளைவு தெரிந்தது, அதுவும் ஒரு சென்னை வழக்கில். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சென்னை அரசின் சிறைக்கும் கோர்ட்டுக்குமாக இழுபட்டுக்கொண்டிருந்தார். ஓர் உத்தரவு செல்லாது என்றானால் அடுத்த உத்தரவு தயாராக இருக்கும். 1950 மார்ச்சில் புதிய தடுப்புக்காவல் சட்டத்தின் கீழும் ஒன்று வந்தது. நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், எம்.கே. நம்பியார் வாதாடினார். 'சட்டம்' என்றால் சட்டசபை நிறைவேற்றியது எதுவானாலும் சட்டமா, அதில் நியாயம் இருக்க வேண்டாமா என்பதுதான் வழக்கின் சாரம். 1950 மே 19ஆம் தேதி 'கோபாலன் எதிர் சென்னை அரசு' வழக்கில் தீர்ப்பு வந்தது. நியாயம் இருக்க வேண்டும் என்று பிரிவில் எழுதியிருக்கவில்லை, அதை உள்ளே கொண்டுவர முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கைவிரித்தார்கள். நீதிபதி ஃபசல் அலி மாற்றுத் தீர்ப்பு எழுதினார். ஃபிராங்க்ஃபர்ட்டரும் அல்லாடியும் விரும்பியது அப்படியே நடந்தது. கோபாலன் சிறையிலேயே இருந்தார்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791இல் வந்தது, பேச்சுரிமையைப் பறித்து நாடாளுமன்றம் சட்டம் போடக்கூடாது என்று சொன்னது. நம்முடைய முதல் திருத்தம் 1951இல் வந்தது, பேச்சுரிமைக்குக் கூடுதலாக வேலி போட்டது! இதற்கு ஒரு காரணம், சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையைத் தடுத்து உச்ச நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு. அதே திருத்தத்தில்தான் இடஒதுக்கீட்டைக் காப்பாற்றும் 15(4) வந்தது, செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னையின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றானதால். இந்திய அடிப்படை உரிமைகளின் முதல் இரண்டு வருஷ வரலாறு பெரும்பாலும் சென்னையின் வரலாறு. டெல்லிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள நேரமாகும்.

அடுத்த இருபத்தைந்து வருஷம் 21ஆவது பிரிவு ஒடுங்கிக் கிடந்தது. அடிமட்டம் 1976 ஏப்ரல் 28. நெருக்கடி நிலையில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிபட்டவர்கள் கோர்ட்டுக்கு வர முடியுமா என்ற கேள்வியில், ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். போலீஸ்காரர் ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொன்றால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று அரசு வழக்கறிஞர் ஒப்புக்கொண்டார். அப்போது சென்னை மத்தியச் சிறையில் மிசாக் கைதிகளுக்கு நடந்த கொடுமையைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத் தீர்ப்பு எழுதிய கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி கிடைக்காமல் போயிற்று.

நீதிமன்றத்துக்கு வந்த குற்ற உணர்ச்சிதான் அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைத்தது என்று நான் நினைக்கிறேன். 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் அரசு முடக்கியது. 1978 ஜனவரி 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சட்டம் வகுத்த நடைமுறை என்றால் ஏதோ ஒரு நடைமுறை அல்ல, அது நேர்மையும் நியாயமும் உள்ளதாக இருக்க வேண்டும் என்றது. கோபாலன் கேட்டது அதுவேதான், 28 வருஷம் தாமதமாகக் கிடைத்தது. 1948இல் முன்வாசலில் அனுப்பிவைத்த அமெரிக்க விருந்தாளி 1978இல் கொல்லைப்புறமாக வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டார். அதோடு நிற்கவில்லை. உயிர் என்றால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது மட்டுமா, மானத்தோடு வாழ்வதுதானே என்று ஆரம்பித்து, கைதிக்கு விலங்கு மாட்டுவது, கொத்தடிமை, அவசர மருத்துவம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக அந்த 18 சொற்களுக்குள் வந்து சேர்ந்தன.

ஏரியும் தண்ணீரும் வந்த விதம் இன்னும் வேடிக்கை. மாசில்லாத தண்ணீரும் காற்றும் உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று இன்றைக்குப் பொதுநல வழக்கு போடும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1991இல் வந்த 'சுபாஷ் குமார் எதிர் பீகார் அரசு' தீர்ப்பை. நிலக்கரி கழுவிய கழிவு பொக்காரோ ஆற்றில் கலக்கிறது என்று போட்ட வழக்கு. அந்த வழக்கில் சுபாஷ் குமார் தோற்றார்! ஆற்றின் மேல் அக்கறையால் வரவில்லை, அந்தக் கழிவை அள்ளி விற்கும் உரிமை தனக்குக் கிடைக்காத கோபத்தில் வந்திருக்கிறார் என்று நீதிபதிகள் மனுவைத் தள்ளிவிட்டார்கள். தள்ளுவதற்கு முன், போகிற போக்கில், உரிமை உண்டு என்று சொல்லிவிட்டுத் தள்ளினார்கள். நாட்டின் பாதி ஏரிகள் இன்று அந்தப் போகிற போக்கைப் பிடித்துத் தொங்குகின்றன.

இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. 2024 மார்ச்சில் பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து பாதுகாப்பும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் முதன்முறையாகச் சொன்னது, கானமயில் என்ற அழியும் பறவைக்காக முன்பு போட்ட உத்தரவைத் தளர்த்திய தீர்ப்பில். சூரிய மின்சாரத்தின் கம்பிகள் போக வழிவிட வேண்டியிருந்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கை அன்னை உயிருள்ள சட்ட நபர், அவளுக்கு உரிமைகள் உண்டு என்று அறிவித்தது. டொலீடோ மக்கள் வாக்குப் போட்டும் அடைய முடியாத உயரம் அது. மேகமலைக் காட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்த ஒரு வருவாய்த்துறை அதிகாரியின் தண்டனை பற்றிய வழக்கில் அதைச் சொன்னார்கள். பெரிய வாக்கியங்கள் எழுதச் செலவில்லாத வழக்குகளில்தான் பெரிய வாக்கியங்கள் வருகின்றன.

செலவு வைத்த தீர்ப்பும் உண்டு, அது நம் பக்கத்தைத் தொட்டுப் போயிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. பாலாற்றைத் தோல் ஷாப்புகள் கெடுத்த கதை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும், தீங்கு வருமா என்று அறிவியல் முழுதாக நிரூபிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்ற இரண்டு கொள்கைகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சியோடு அந்தப் பட்டியலில் இருந்தது பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரம் அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலை. 21ஆவது பிரிவு முதலில் குரோம்பேட்டைக்கு வந்தது, அப்புறம்தான் இரயில் பாதை தாண்டி ஏரிப்பக்கம் வந்தது என்று சொன்னால் வரலாறு கொஞ்சம் நெளியும், ஆனால் ரொம்பத் தவறாகாது.

அமெரிக்கர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டால் திகைத்துப்போவார், பாதிப் பேர் பொறாமையில், பாதிப் பேர் பயத்தில். எழுதாத உரிமையை நீதிபதி வாசித்துக் கண்டுபிடிக்கலாமா என்பதுதான் ஐம்பது வருஷமாக அங்கத்து அரசியலின் நடு நரம்பு. 1973இல் கருக்கலைப்பு உரிமையை 14ஆவது திருத்தத்தின் சுதந்திரம் என்ற சொல்லுக்குள் அவர்கள் நீதிமன்றம் கண்டது. 2022 ஜூன் 24ஆம் தேதி அதே நீதிமன்றம், அப்படி ஒன்று அங்கே இல்லை என்றது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோவின் அளவுகோல், சாசனத்தில் பெயர் சொல்லாத உரிமை நாட்டின் வரலாற்றில் ஆழமாக வேர்விட்டிருக்க வேண்டும் என்பது. முந்தின நாள்தான், அதே வரலாற்று அளவுகோலை வைத்து, பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை அதே நீதிமன்றம் விரித்திருந்தது. ஒரே வாரம், ஒரே முறை. ஒரு சாராருக்கு உரிமை பிறந்தது, இன்னொரு சாராருக்குச் செத்தது.

அவர்கள் வாசிப்பில் இத்தனை சண்டை போடக் காரணம் உண்டு. அவர்களால் எழுத முடியாது. திருத்தம் வேண்டுமானால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 50 மாநிலங்களில் 38 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் மொத்தம் 27 திருத்தம், கடைசியானது 1992இல். பேனா பூட்டிக் கிடப்பதால் கண்ணாடி யாருடையது என்பதே போர். அதனால்தான் 2016இல் நீதிபதி ஸ்காலியா இறந்தபோது, ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை செனட் விசாரணைக்குக்கூட எடுக்காமல் அந்த வருஷம் முழுக்கக் கிடப்பில் போட்டது. ஒரு நாற்காலிக்காக ஒரு தேர்தல். நம் ஊரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்ட கட்சி உண்டா?

மாநிலங்களில் கதை வேறு. மொண்டானா 1972இலேயே தன் மாநில அரசியலமைப்பில் சுத்தமான, ஆரோக்கியமான சுற்றுச்சூழல் உரிமையை வெளிப்படையாக எழுதிவைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு 16 இளைஞர்கள் வழக்குப் போட்டு 2023இல் ஜெயித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது. ஏரிக்கு உரிமை கிடையாது என்றான அதே ஒஹையோவில், 2023 நவம்பரில் மக்களே வாக்குப் போட்டுக் கருக்கலைப்பு உரிமையை மாநிலச் சாசனத்தில் சேர்த்தார்கள். ஆனால் கூட்டாட்சி அளவில், அரசு கெடுதல் செய்யக்கூடாது என்பதுதான் உரிமை, நல்லது செய்தாக வேண்டும் என்பது உரிமையில் சேராது என்று 1989இல் விஸ்கான்சினிலிருந்து வந்த ஒரு குழந்தை வழக்கில் அவர்கள் முடித்துவிட்டார்கள். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத்தில் 2014இல் ஈயம் கலந்த குடிநீரைக் கொடுத்த அதிகாரிகள் மேல் வழக்கு நின்றது, உடலுக்குள் நஞ்சு செலுத்தினார்கள் என்ற வாதத்தில். சுத்தமான தண்ணீர் கொடுக்காதது குற்றம் என்ற வாதத்தில் அல்ல. இந்த வித்தியாசம் பெரிது. நம் நீதிமன்றங்களோ செய் என்றும் சொல்லும்.

சொல்லும். யார் செய்வது? எனக்கு நம்முடைய வழியின் மேல் உள்ள குறை இதுதான். மொண்டானாக்காரர்கள் உரிமையை எழுதும்போது சண்டை போட்டு, அதன் விலையைத் தெரிந்துகொண்டு எழுதினார்கள். நமக்கு உரிமை தீர்ப்பில் வந்தது, பட்ஜெட்டில் வரவில்லை. 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில், தமிழ்நாட்டின் நீர்நிலைகளையெல்லாம் அடையாளம் கண்டு ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2007இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. அளந்து எல்லைக்கல் நடுவது, அறிவிப்பு ஒட்டுவது, ஆட்சேபம் கேட்பது, அகற்றுவது என்று நடைமுறை அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு நலச்சங்கத்துக்காரர் வழக்குப் போட வேண்டுமானால் முதலில் சர்வே எண் வேண்டும், புலப்படம் வேண்டும், அந்த நிலம் நீர்நிலைப் புறம்போக்கு என்று சொல்லும் அ-பதிவேட்டு நகல் வேண்டும். இவற்றை வாங்குவதற்குள் பாதிப் பேருக்கு உயிர் வாழும் உரிமையில் ஆர்வம் போய்விடும். மிச்சமிருப்பவர்கள் உயர் நீதிமன்றத்துக்கோ தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கோ போவார்கள். நீர்வளத்துறை மாநகராட்சியைக் காட்டும், மாநகராட்சி குடிநீர் வடிகால் வாரியத்தைக் காட்டும், மூவரும் அவகாசம் கேட்பார்கள். இந்த உத்தரவுகளைப் போடும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2004இல் எழுந்தது உலகனேரி கண்மாயில் என்பது சொல்லாமல் விடக்கூடிய விஷயம் அல்ல.

அப்படியும் டொலீடோவோடு ஒப்பிட்டால் நான் செம்பாக்கத்தின் பக்கம்தான். அங்கே ஏரிக்காகக் கோர்ட்டுக்குப் போகும் கதவு மூடிவிட்டது. போதாக்குறைக்கு ஏரியின் பெயரில் யாரும் வழக்குப் போட முடியாது என்று ஒஹையோ சட்டசபை தன் 2019 பட்ஜெட் மசோதாவிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டது. இங்கே கதவு கிறீச்சிட்டாலும் திறக்கிறது.

திறந்த கதவு வழியே யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்த்தால் சிக்கல் வேறு மாதிரி. ஏரியின் உள்வாயில் குடிசையோ சின்ன ஓட்டு வீடோ கட்டிக்கொண்டு இருபது வருஷமாக இருப்பவரும் 21ஆவது பிரிவைத்தான் காட்டுவார். 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகளுக்காகப் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் தொடுத்த வழக்கில், பிழைப்பு உயிர் வாழும் உரிமைக்குள் அடக்கம், இருப்பிடத்தைப் பறித்தால் பிழைப்பு போகும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர் வீட்டு வரி கட்டியிருக்கிறார், மின்சார இணைப்பு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, கொடுத்ததெல்லாம் அரசு. எதிர்ப்பக்கம், கலங்கலுக்குக் கீழே பட்டா மனையில் வங்கிக் கடனில் வீடு கட்டி, 2015 டிசம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர். அவர் கையிலும் அதே பிரிவு. அவருடைய பட்டா மனையும் ஒரு காலத்து நன்செய் வயல் என்பதை இருவருமே பேச மாட்டார்கள். அமெரிக்காவில் இத்தகைய மோதலில் ஒருவர் சொத்துரிமையையும் இன்னொருவர் வேறொன்றையும் காட்டுவார். இங்கே ஒரே வாக்கியம் தன்னோடு தானே வழக்காடுகிறது, தீர்க்கும் நீதிபதிக்கு அந்த வாக்கியத்திலிருந்து எந்த உதவியும் இல்லை.

அகற்றினால் எங்கே அனுப்புவது? கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் மற்ற நீர்க்கரைகளிலிருந்தும் அப்புறப்படுத்தியவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குடிவைத்த இடம் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும். செம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கம் வந்துவிடும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பூமி. நீர்நிலையைக் காப்பாற்ற வெளியேற்றியவர்களை இன்னொரு நீர்நிலையின் வடிநிலத்தில் அடுக்குமாடி கட்டி வைத்தார்கள், பெருமழைக்கு அங்கேயும் படகு விட்டார்கள்.

ஓல்கா டெல்லிஸ் வழக்கிலும் தீர்ப்பின் அழகான பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுவதுதான் வழக்கம். நடைபாதைவாசிகளை அகற்றக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அகற்றாதீர்கள், 1985 அக்டோபர் 31 வரை பொறுங்கள் என்று மட்டும் தவணை கொடுத்தது. பம்பாய்க்கு அந்தத் தேதி சரி, அங்கே மழை ஓய்ந்திருக்கும். தாம்பரம் பக்கத்தில் அக்டோபர் கடைசி என்பது வடகிழக்குப் பருவமழை தொடங்கி, பொக்லைனும் வருவாய்த்துறை ஜீப்பும் ஏரிக்கரைக்கு வந்து நிற்கும் வாரம்.